கழுத்து நரம்பும் காந்தப் படமும்

நரம்பு என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழமையானது. ஆயினும் அஃது ஒரு பொருளில் நிலைத்து நின்றதில்லை. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பே. தசையை எலும்போடு பிணிக்கும் நாணும் நரம்பே. குருதி ஓடும் குழாயும் நரம்பே. புறநானூற்றில் முதியவள் ஒருத்தியின் மெலிந்த தோளிலே நரம்பு மேலெழுந்து தோன்றியதைப் புலவர் கூறுவர். தோலின்மேல் அவ்வாறு புடைத்துத் தோன்றுவது குருதிக் குழாயேயன்றி, இக்கால மருத்துவ நூலார் நரம்பென்று வழங்கும் பொருளன்று. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் தரிசனத்தில் உலர்ந்த எலும்புகளின்மேல் வந்து சேரும் நரம்புகள் தசைநாண்கள். அதே வேதாகமத்தில், யாக்கோபின் வரலாற்றை முன்னிட்டு இஸ்ரவேல் மக்கள் உண்ணாது விலக்கியதாகச் சொல்லப்படும் தொடைச்சந்து நரம்போ, யூத ஆசிரியர் கொள்கைப்படி, இடுப்பினின்று காலுக்கு இறங்கும் மெய்யான நரம்பு. இந்நாளிலும் ஊசியை ‘நரம்பில் போட்டார்கள்’ என்கின்றோம். அவர்கள் போட்டது சிரையில்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரிய குறையென்று எண்ணுதல் வேண்டா. கிரேக்கர் ‘நியூரோன்’ என்றதும், உரோமர் ‘நெர்வுஸ்’ என்றதும், முதற்கண் தசைநாணையும் வில்லின் நாணையும் யாழின் தந்தியையுமே. அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரும் நரம்பையும் நாணையும் தெளிவாகப் பிரித்தறிந்திலர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஹெரோபிலஸ், எரசிஸ்திராத்தஸ் என்னும் இருவர் மனித உடலை அறுத்து ஆராய்ந்த பின்னரே, மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் புறப்பட்டு உணர்ச்சியையும் இயக்கத்தையும் கொண்டு செல்லும் வெண்ணிற வடங்கள் தனிப்பொருளாக அறியப்பட்டன. சொல்லிற் கலந்து கிடப்பவை உடலிலும் கலந்தே கிடக்கின்றன. கழுத்தின் அடியிலே தமனியும் சிரையும் தசையும் நரம்பும் விரற்கடை அளவான இடத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. உயிரோடிருக்கும் ஒருவர் கழுத்திலே, கத்தி வையாமல், இவற்றுள் எது நரம்பு, அஃது எவ்விடத்தில் அறுந்தது என்று காண இயலுமா என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. என் பெரியம்மா மகன், எனக்கு மூன்றாண்டு மூத்தவர், சென்ற ஆண்டு மோட்டார் சைக்கிளினின்று எறியப்பட்டு, வலத்தோள் தரையில் மோத விழுந்தார். எலும்பு முறிவு ஒன்றும் இல்லை. ஆயினும் தோளை உயர்த்த முடியவில்லை, முழங்கை மடங்கவில்லை, விரல்கள் மட்டும் முன்போலவே பற்றின. “விரல் அசைகின்றதே, நரம்புக்கு ஒன்றுமில்லை, சதைப்பிடிப்புத்தான்” என்று கண்டவர் யாவரும் தேற்றினர். யானும் தேற்றினேன். எண்ணெய் தடவியும் கட்டுக் கட்டியும் ஏழு வாரங் கழிந்தது. அவ்வேழு வாரத்தின் விலை யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழு. அவற்றையொட்டி வெளிப்படும் நரம்புகளோ பக்கத்துக்கு எட்டு. முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலும், எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழும் வருதலின் இவ்வெண் ஒன்று மிகுகின்றது. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தினின்று இரு வேர்களாகப் புறப்படும். முன்வேர் இயக்கத்துக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்பது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சார்லஸ் பெல், பிரான்சில் மாஜந்தி ஆகியோர் ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. பின்வேரிலே ஒரு சிறு கணு உண்டு. உணர்ச்சி நரம்பிழைகளின் உயிரணுக்கள் அக்கணுவினுள் உறைகின்றன. இக்கணுவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

ஐந்தாவது முதல் எட்டாவது வரையுள்ள கழுத்து நரம்புகள் நான்கும், மார்பின் முதல் நரம்பும் ஆகிய ஐந்தும், கழுத்தின் பக்கத்துத் தசைகள் இரண்டின் இடையே வெளிப்பட்டு, மூன்றாகக் கூடி, ஆறாகப் பிரிந்து, காறையெலும்பின் பின்னே சென்று, மீண்டும் மூன்றாகக் கூடி, அக்குளிலே ஐந்து பெருநரம்புகளாகிக் கைக்குள் இறங்கும். இதனைப் புயப்பின்னல் என்பர். தோளைப் பக்கவாட்டில் உயர்த்துதற்கு ஐந்தாவது நரம்பும், முழங்கையை மடக்குதற்கு ஐந்தாவதும் ஆறாவதும், விரல்களின் நுண்டொழிலுக்கு எட்டாவதும் மார்பின் முதலாவதும் சிறந்து நிற்கும். ஆதலின் விரல் அசைந்தமை கண்டு மேல்நரம்புகளும் நலமென்று நாங்கள் கொண்டது, கீழ்த்தெருவில் விளக்கெரிதல் கண்டு மேல்தெருவிலும் எரியுமென்று கொண்டது போலாயிற்று.

தலை ஒருபுறமும் தோள் மறுபுறமுமாக விசையோடு விலகும்போது இப்பின்னல் இழுபடுகின்றது. அது கணுவுக்கு வெளியே அறுமாயின், தண்டுவடத்தோடு பொருந்திய நல்ல முனை ஒன்று எஞ்சி நிற்கும். கெண்டைக்காலினின்று உணர்ச்சி நரம்பொன்றை எடுத்து இடையே ஒட்டுப் போட இடமுண்டு. வேரே தண்டுவடத்தினின்று பிடுங்கப்படுமாயின், ஒட்டுதற்கு முனையே இல்லை. பிடுங்கிய நாற்றை வேறு வயலில் நடலாம். பிடுங்கிய வேரைத் தண்டுவடத்தில் நட்டுப் பழைய நிலைக்குக் கொணரும் வழி இன்றளவும் வழக்கமான மருத்துவத்திற் கைகூடவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே, கை தொங்குகின்றது. உள்ளேயோ மருத்துவம் முழுவதும் இவ்வேறுபாட்டின்மேல் நிற்கின்றது.

நிற்க, இதனைக் காணுங் கருவியைக் கூறுவாம். 1895-ஆம் ஆண்டில் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. நரம்பு மென்பொருள், அதனைச் சூழ்ந்துள்ள தசையும் கொழுப்பும் மென்பொருள்களே. இவை யாவும் கதிரை ஏறக்குறைய ஒருபடியாகவே கடத்துகின்றன. எனினும் இவை அனைத்திலும் ஹைட்ரஜன் உண்டு. நீரிலும் உண்டு, கொழுப்பிலும் உண்டு. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம் போல ஒழுகுவது. எம்.ஆர்.ஐ. என்று யாவரும் வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படம் அக்கருக்களிடமிருந்தே செய்தி பெறுகின்றது.

ஒத்ததிர்வு என்பது இசை பயின்றார்க்குப் புதிதன்று. ஒரே சுருதியிற் கூட்டிய இரண்டு தந்திகளுள் ஒன்றை மீட்டினால், தொடாத மற்றொன்றும் தானே அதிரும். சுருதி வேறாயின் அதிராது. நோயாளி படுக்கும் குழாயைச் சுற்றியுள்ள காந்தத்தின் வலிமை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்த வலிமையைப்போல ஏறக்குறைய முப்பதினாயிரம் மடங்கு. அதனுள்ளே ஹைட்ரஜன் கருக்கள், சுழன்று சாயும் பம்பரம்போல, நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை வட்டமிடும். அதே சுருதியில் ரேடியோ அலையொன்றைச் செலுத்தினால் அவை அதனை ஏற்று நிலை சாயும். அலையை நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு மீளும். மீளும்போது தாமும் ஒரு மெல்லொலி போன்ற அலையை வெளியிடும். பத்து லட்சம் கருக்களுள் ஒரு சிலவே இச்செய்திக்கு உதவுவன. ஆயினும் ஒரு துளி நீரில் அடங்கிய கருக்களின் தொகை எண்ணில் அடங்காமையால் அச்சிலவே போதியனவாகின்றன.

வந்த ஒலி எவ்விடத்தினின்று வந்தது என்று அறிவது எங்ஙனம்? முப்பதாண்டுக் காலம் அறிஞர் இவ்வொலியைக் கேட்டிருந்தும் படமாக்க அறியாதிருந்தது இவ்வினாவினாலேயே. 1938-இல் ராபி என்பவர் மூலக்கூற்றுக் கற்றையிலும், 1946-இல் பிளாக், பர்செல் என்னும் இருவர் வெவ்வேறிடங்களில் திடப்பொருளிலும் நீரிலும் இவ்வொத்ததிர்வைக் கண்டனர். 1971-இல் டமேடியன், புற்றுக்கட்டியின் ஒலி நல்ல தசையின் ஒலியினும் வேறான காலத்தில் அடங்குகின்றது என்று காட்டினார். 1973-இல் லாட்டர்பர் என்பவரே விடை கண்டார். காந்தத்தின் வலிமையை எங்கும் ஒருபடியாக வையாமல், ஓரத்தினின்று ஓரத்துக்குச் சிறிது சிறிதாக மாற்றினால், இடத்துக்கிடம் சுருதி மாறுமன்றோ? யாழின் ஓசையைக் கேட்டே எந்த நரம்பு மீட்டப்பட்டது என்று பாணன் அறிவது போலச் சுருதியைக் கேட்டே இடத்தை அறியலாம். அவர் முதலில் எடுத்த படம் மனித உறுப்பினதன்று. கனநீரின் நடுவே வைத்த இரண்டு சிறு குழாய்களிலிருந்த சாதாரண நீரினது. அவ்விரண்டு நீர்ப்புள்ளிகளே பின்வந்த படங்களுக்கெல்லாம் முன்னோர். அவருக்கும், இம்முறையை விரைவுபடுத்திய இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தம்மை விட்டுவிட்டனர் என்று டமேடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்து முறையிட்டமை பலரும் அறிந்தது. யார் முறை செய்தார், யார் பிழை செய்தார் என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. எனினும் ஒலியின் வேறுபாட்டை உணர்ந்தவர் ஒருவரும், அதனை இடத்தோடு பொருத்தியவர் வேறொருவருமாக இருந்தமை தெளிவு.

தசை, கொழுப்பு, நீர் ஆகியவற்றில் கருக்கள் மீளும் காலம் வெவ்வேறாதலின் படத்திலே ஒளியும் நிழலும் தோன்றுகின்றன. நரம்பைத் தனியே காட்டுதற்கு இவ்வேறுபாட்டைத் திறமையாக ஆளுதல் வேண்டும். கொழுப்பின் ஒலி மிகப் பெரிது. சந்தைக் கூச்சலில் மெல்லப் பேசுவார் குரல்போல நரம்பின் ஒலி அதனுள் மறைந்துபோம். ஆதலின் கொழுப்பின் ஒலியைத் தனியே அடக்கிவிடுகின்றனர். ஓடுங் குருதி, ஒலியை ஏற்ற இடத்தினின்று விரைந்து அகன்றுவிடுதலால், பெரும்பாலும் இருண்ட துளையாகத் தோன்றும். நரம்பின் இழைக்கட்டுகளுக்கு நடுவேயுள்ள நீரோ நெடுநேரம் ஒலிப்பது. காத்திருந்து கேட்டால் தசையின் ஒலி ஓய்ந்தபின்னும் அது கேட்கும். அன்றியும் நரம்பினுள் நீர் குறுக்கே செல்வதினும் நெடுக்கே செல்வது எளிது; அத்திசை வேறுபாட்டையும் படமாக்கலாம். இவ்வுத்திகளைக் கொண்டு பில்லர் முதலியோர் 1993-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் நரம்புப் படங்களை வெளியிட்டனர். நாணும் குழாயும் தந்தியுமாகப் பல பொருள் சுமந்த சொல்லினின்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது போன்ற செயல் இது. ஒரு சொல்லின் பொருளைப் பிரித்தறிய எத்துணைப் பாடுபடுகின்றோம் என்பதை அறிந்த எனக்கு இதன் அருமை நன்கு புலனாயிற்று.

கழுத்தின் வேர்களைக் காணும்போது மட்டும் இம்முறை தலைகீழாகின்றது. தண்டுவடத்தைச் சூழ்ந்து தெளிந்த நீர் நிற்கின்றது. அந்நீர் வெண்மையாக ஒளிர, அதனூடே செல்லும் வேரிழைகள் கருங்கோடுகளாகத் தோன்றும். மில்லிமீட்டருக்குக் குறைந்த கனமுள்ள துண்டுகளாகப் படமெடுத்தாலன்றி அவை புலப்படா. வேர் பிடுங்கப்பட்ட இடத்தில் அக்கோடுகள் காணப்படா. உறையும் கிழிந்திருப்பின், நீர் வெளியே கசிந்து ஒரு பையாகத் தங்கும்.

உடலில் வேறெவ்விடத்தினும் கழுத்தே படமெடுப்பார்க்குத் தொல்லை தருவது. நுரையீரலின் உச்சி அடியிலே நின்று மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகின்றது, பெருந்தமனிகள் துடிக்கின்றன, நோயாளி எச்சில் விழுங்குகின்றான். கழுத்து ஒடுங்கித் தோள் விரியும் சந்திலே காந்தப்புலம் ஒருபடியாக நில்லாமையால் கொழுப்பை அடக்குதலும் தவறுகின்றது. அண்ணன் குழாயினுள் அரைமணிக்கு மேலாக அசையாது கிடந்தார். சுருதியை இடத்துக்கிடம் மாற்றும் கம்பிச் சுருள்கள் காந்தத்தினுள் உதைபடுதலால் எழும் ஓசை, காதை அடைத்திருந்தும், தகரக் கொட்டகையின்மேல் கல்மழை பெய்தாற்போல் இருந்ததாம். காந்தம் படமெடுக்கும்போது மட்டும் இயங்குவதன்று. சுழியத்துக்குக் கீழ் 269 பாகைக் குளிருள்ள திரவ ஹீலியத்தில் மூழ்கி, இரவும் பகலும் விழித்திருப்பது. 2018-ஆம் ஆண்டு மும்பையில், ஆக்சிஜன் உருளையை ஏந்தி உள்ளே சென்ற ஒருவர் அக்காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிர் துறந்தார். சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் வாயிலிலே வாங்கிக்கொள்வது வீண் சடங்கன்று.

இனி, படம் பொய் சொல்வதும் உண்டு. நரம்பின் இழைகள் காந்தப்புலத்தின் திசைக்கு ஏறக்குறைய 55 பாகை சாய்ந்து செல்லுமாயின், நோய் ஒன்றும் இன்றியே மிகுந்த ஒளியோடு தோன்றும். இதனை மாயக் கோணம் என்பர். புயப்பின்னலோ கழுத்தினின்று தோளுக்குச் சாய்ந்தே இறங்குவது. ஆதலின் நல்ல நரம்பை வீங்கிய நரம்பென்று மயங்குதற்கு அங்கே இடம் மிகுதி. நீர்ப்பை இருந்தும் வேர் அறாதிருத்தலும், பையின்றியே வேர் அறுந்திருத்தலும் உண்டு. 2015-இல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியொன்றில், நோயின் குறி ஏதுமில்லாத 1,211 பேருடைய கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 87.6 பேரிடம் எலும்பிடைத் தட்டுகள் பிதுங்கியிருந்தன. கழுத்து வலிக்கின்றது என்று சென்றவர் கையில் ‘தட்டுப் பிதுக்கம்’ என்று எழுதிய தாளைக் கொடுத்தால், அதுவே காரணமென்று அவர் அஞ்சி நடுங்குவது எவ்வளவு ஆதாரமற்றது என்பதை இவ்வெண் காட்டும்.

ஆகவே நல்ல மருத்துவர் படத்தை மட்டும் நம்புவதில்லை. அண்ணனுக்குச் செய்த மின்சோதனை என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவர் பெருவிரற் பக்கத்துத் தோலைக் கிள்ளினால் அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் அத்தோலின் உணர்ச்சி நரம்பில் மின்துடிப்பைச் செலுத்தியபோது அது பழுதின்றி ஓடிற்று. உணர்வில்லை, நரம்போ உயிரோடிருக்கின்றது! இஃதென்னையெனின், முன்னே நினைவில் வைக்கச் சொன்ன கணுவை நோக்குக. உயிரணுக்கள் கணுவினுள் இருத்தலின், அறுவது கணுவுக்கும் தண்டுவடத்துக்கும் இடையேயாயின், கணுவோடு தொடர்ந்த புறநரம்பு வாடுவதில்லை. செய்தி மட்டும் மூளைக்கு ஏறாது. நரம்பு நன்றாயிருக்கின்றது என்னும் அந்நற்செய்தியே, வேர் பிடுங்கப்பட்டது என்னுந் தீச்செய்தியாயிற்று. படத்திலும் ஐந்தாவது ஆறாவது வேர்களின் இடத்தில் கருங்கோடுகளைக் காணோம். இரண்டு வெண்பைகள் மட்டும் விளங்கின.

ஏழு வாரத்தின் விலையை இப்பொழுது கூறுவேன். அறுந்த நரம்பு மீள வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கழுத்தினின்று மேற்கைத் தசைக்கு முப்பது சென்டிமீட்டர் எனக் கொண்டால், அங்குச் சென்று சேரப் பத்து மாதம் வேண்டும். நரம்பற்ற தசையோ அதற்காக நெடுங்காலம் காத்திராது. ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பை ஏற்கும் தன்மையை இழந்துவிடும். பொருத்தல் முதல் ஆறு மாதத்துக்குள் நிகழ்தலே நன்றென்பர். நாங்கள் எண்ணெய் தடவிய 49 நாளில், வளர்ந்திருக்கக்கூடிய நரம்பின் நீளம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். இக்கணக்கை யான் ஒரு தாளிலே போட்டுப் பார்த்தேன், அண்ணனிடம் காட்டவில்லை.

வேர் இல்லையென்று படம் தெளிவித்தமையால், ஒட்டுப் போட முனை தேடிக் காலம் போக்காமல், மருத்துவர் வேறு வழியிற் சென்றனர். 1994-இல் பாரிஸ் நகரத்து ஓபர்லின் என்னும் மருத்துவர் வெளியிட்ட முறை அது. கைக்கும் விரலுக்கும் செல்லும் நரம்பொன்றில் பல இழைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, மேற்கையிலேயே, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு பொருத்துகின்றனர். விரலின் வலிமை பெரிதும் குறைவதில்லை. வளரவேண்டிய தொலைவோ சில சென்டிமீட்டரே. எங்களை மயக்கிய அவ்விரல்நரம்பே கொடுப்பதாயிற்று.

நான்காம் மாத முடிவில் அறுவை நடந்தது. அதன்பின் ஐந்து மாதம் வரை ஒன்றும் இல்லை. பின்னர் ஒருநாள் அண்ணன் வலக்கையால் துண்டைப் பிழியும்போது மேற்கைத் தசை துள்ளிற்று. இப்பொழுது அவர் விரல்களை இறுக மடக்கினால் முழங்கையும் உடன் மடங்குகின்றது. மூளை இன்னும் அந்நரம்பை விரலுக்குரியதென்றே எண்ணுகின்றது. பயிற்சியால் இம்மயக்கம் நீங்குமென்று மருத்துவர் கூறியிருக்கின்றனர். தோள் மார்பளவுக்கு மேல் எழவில்லை. நீர்ச்செம்பை உதட்டுக்குக் கொண்டுவரும்போது முன்னே குனிந்துகொள்கின்றார். அம்முதற் படத்தைப் பீரோவில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருக்கின்றார். வீட்டுக்கு வருவோர் யாரேனும் “நரம்புதானே, சரியாகிவிடும்” என்று தொடங்கினால், “எந்த நரம்பு?” என்று கேட்டுவிட்டு, அதனை எடுக்க எழுந்து செல்கின்றார்.